எங்கே வெட்டுகிறது என்பதே நோய்: அமிலாய்டுப் புரதமும் மன்னார்க் கடற்பாசியும்

இலங்கையின் சிலாவத்துறைக் கரையில் நின்று பார்த்தால் தெரியும் கடலும் தமிழ்நாட்டில் மண்டபம் ஊரின் தென்கரையில் நின்று பார்த்தால் தெரியும் கடலும் ஒன்றுதான்: மன்னார் வளைகுடா. ஒரு காலத்தில் அந்தக் கடலை உலகறியச் செய்தது முத்து. சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டி என்ற ஊர்ப்பெயர்கள் முத்துச்சலாபக் கணக்குகளில் இடம்பெற்றவை. கடந்த பதினைந்து ஆண்டுகளாக அதே கடல் வேறொரு காரணத்துக்காக ஆய்விதழ்களில் பேசப்படுகிறது. அங்கு விளையும் பாசிகளில் அல்சைமர் நோய்க்கு எதிரான பொருள் ஏதும் உண்டா என்று காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் காசி பாண்டிமா தேவியின் குழு தேடிவருகிறது. தமிழ்நாட்டுப் பக்கத்துக் கரையில் எடுத்த ஹிப்னியா, உல்வா என்ற இரு பாசிகளைப் பற்றி அவர்கள் 2010இல் எழுதினார்கள். பாடினா என்ற பழுப்புப் பாசி அமிலாய்டுத் துண்டுகள் திரள்வதைத் தடுப்பதாக 2015இல் அறிவித்தார்கள்.

பாசி மறதி நோயைத் தீர்க்கும் என்ற பேச்சு கரையோரங்களில் பரவ அதிக நேரம் எடுக்காது. அறளை பெயர்ந்த தாயையோ தந்தையையோ வீட்டில் வைத்துப் பார்க்கிற குடும்பத்துக்கு அது பெரிய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், அமிலாய்டு மூளையில் எங்கே, எதனால், எப்படி உண்டாகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். அமிலாய்டு வெளியிலிருந்து வந்த நஞ்சல்ல. ஒவ்வொருவர் மூளையும் அன்றாடம் ஆக்கி அன்றாடம் அகற்றுகிற பொருள் அது. எந்த நொதியம் எந்த இடத்தில் வெட்டியது, வெட்டியதை உடல் எவ்வளவு விரைவாக அகற்றியது என்ற இரண்டிலும்தான் நோய் தீர்மானமாகிறது. ஆகவே பாசியோ மாத்திரையோ, இந்த வழியின் எந்தக் கட்டத்தைத் தொடுகிறது என்று கேட்ட பிறகே அதை மருந்து என்று சொல்லலாம்.

புரதம் அடையாளம் காணப்பட்ட வழி

ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மனநல வைத்தியசாலையில் 1901இல் சேர்க்கப்பட்ட அகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண் 1906 ஏப்ரலில் இறந்தார். அவரது மூளையை வெட்டிச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்த அலோய்ஸ் அல்சைமர், அதே ஆண்டு நவம்பரில் தான் கண்டதை டூபிங்கனில் அறிவித்தார். நரம்புக்கலங்களுக்கு வெளியே படிவுகள், கலங்களுக்கு உள்ளே நார்முடிச்சுகள். நோய்க்கு அல்சைமரின் பெயரை 1910இல் இட்டவர் எமில் கிரெப்பெலின்.

வெளியே கிடந்த படிவு எதனால் ஆனது என்று தெரிய மேலும் முக்கால் நூற்றாண்டு பிடித்தது. ஜார்ஜ் கிளெனர், கெயின் வாங் இருவரும் 1984இல் நோயாளிகளின் மூளைச் சவ்வுக் குருதிக்குழாய்களில் படிந்திருந்த புரதத்தைப் பிரித்தெடுத்து, அதன் அமினோ அமில வரிசையை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டில் கொலின் மாஸ்டர்ஸ், கொன்ராட் பேராய்தர் குழுவினர் மூளைப் படிவின் நடுவிலும் அதே புரதம் இருப்பதைக் காட்டினார்கள். இன்று பீட்டா அமிலாய்டு என்று அழைக்கப்படுவது அதுதான். நாற்பது சொச்சம் அமினோ அமிலங்களே கொண்ட அவ்வளவு சிறிய துண்டு தனியே பிறந்திருக்க முடியாது, ஒரு பெரிய புரதத்திலிருந்து வெட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பெரிய புரதத்தின் மரபணு 1987இல் கண்டுபிடிக்கப்பட்டது. அமிலாய்டு முன்னோடிப் புரதம் என்று அதற்குப் பெயர், ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் ஏபிபி. அதன் மரபணு 21ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது.

ஒரே புரதம், இரண்டு வழி

ஏபிபி நரம்புக்கலத்தின் மென்சவ்வை ஒருமுறை ஊடுருவி நிற்கும் புரதம். அதன் பெரும்பகுதி கலத்துக்கு வெளியே நீண்டிருக்கிறது, சிறிய வால் மட்டும் உள்ளே. பீட்டா அமிலாய்டு ஆகப்போகும் துண்டு, சவ்வுக்குச் சற்று வெளியே தொடங்கிச் சவ்வின் நடுவே முடிகிறது. இந்த இருப்பிடம்தான் பின்னால் வரும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வெளிமுனையை விடுவிக்க ஒரு வெட்டு, சவ்வுக்குள்ளே மறுமுனையை விடுவிக்க இன்னொரு வெட்டு என இரண்டும் நடந்தால் மட்டுமே பீட்டா அமிலாய்டு பிறக்கும்.

கலத்தின் மேற்பரப்பில் நிற்கும் ஏபிபியைப் பெரும்பாலும் முதலில் சந்திப்பது ஆல்பா நொதியம். நரம்புக்கலங்களில் அந்த வேலையைச் செய்வது ஆடம்-10 என்ற புரதம். அது வெட்டுமிடம் பீட்டா அமிலாய்டு வரிசையின் 16ஆம் அமினோ அமிலத்துக்கும் 17ஆம் அமினோ அமிலத்துக்கும் இடையில். அதாவது, அமிலாய்டு ஆகக்கூடிய துண்டு நடுவிலேயே இரண்டாகிறது. இந்த வழியில் போன ஏபிபியிலிருந்து முழு அமிலாய்டு ஒருபோதும் வராது. வெளியே விடப்படும் நீண்ட துண்டோ நரம்புக்கலத்துக்கு நன்மை செய்வதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

மேற்பரப்பில் வெட்டுப்படாமல் தப்பிய ஏபிபியைக் கலம் உள்ளிழுத்துக்கொள்கிறது. அதன் வாலில் இருக்கும் சிறிய வரிசையொன்று உள்ளிழுக்கும் புரதங்களுக்கு அடையாளமாகிறது. உள்ளே போன ஏபிபி உட்பைகளைச் சேர்கிறது. அங்கே சூழல் அமிலத்தன்மை கொண்டது, பீட்டா நொதியம் நன்றாக வேலை செய்வது அப்படியான சூழலில்தான். பேஸ்-1 என்ற இந்த நொதியத்தை 1999இல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுபிடித்தன. ராபர்ட் வாசர் தலைமையிலான ஆம்ஜென் நிறுவனத்துக் குழு அவற்றில் ஒன்று. பேஸ்-1 வெட்டுவது அமிலாய்டு வரிசையின் முதலாம் அமினோ அமிலத்துக்குச் சற்று முன்னால். இப்போது சவ்வில் எஞ்சி நிற்பது 99 அமினோ அமிலங்கள் கொண்ட அடித்துண்டு. ஆல்பா வழியில் எஞ்சுவது 83. இந்த இரண்டு எண்களுக்கு இடையிலான 16தான் நோய் பிறக்கக்கூடிய வழிக்கும் பிறக்க முடியாத வழிக்கும் உள்ள வேறுபாடு.

ஆகவே ஏபிபி எந்த நொதியத்தைச் சந்திக்கிறது என்பது அது கலத்தினுள் எங்கே, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நரம்புக்கலம் அதிகமாக இயங்கும்போது உள்ளிழுப்பும் அமிலாய்டு வெளியேற்றமும் கூடுகின்றன. விழித்திருக்கும் நேரத்தில் மூளையில் அமிலாய்டு அளவு உயர்வதையும் உறக்கத்தில் குறைவதையும் 2009இல் எலிகளில் கண்டார்கள். இரவு முழுக்க விழிக்க வைக்கப்பட்ட மனிதர்களில் அமிலாய்டு உற்பத்தி 25 முதல் 30 வீதம் கூடியதை 2018இல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு அளந்தது.

சவ்வுக்குள்ளே நடக்கும் இரண்டாம் வெட்டு

அடித்துண்டை வெட்டுவது காமா நொதியம். இது தனிப் புரதமல்ல, நான்கு புரதங்களின் கூட்டு: பிரெசெனிலின், நிகாஸ்ட்ரின், ஏபிஎச்-1, பென்-2. வெட்டும் வேலை பிரெசெனிலினுடையது. அதன் மரபணு 1995இல் கண்டுபிடிக்கப்பட்டபோது, பரம்பரையாக வரும் அல்சைமருக்குக் காரணமான மரபணு என்றே அது தெரிந்தது, நொதியம் என்று தெரிந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கோபால் தினகரன், சங்ராம் சிசோடியா ஆகியோரின் குழு, உடலில் பிரெசெனிலின் இரண்டு துண்டுகளாக வெட்டப்பட்ட நிலையிலேயே காணப்படுகிறது என்று காட்டியது. 1998இல் பெல்ஜியத்தின் பார்ட் டி ஸ்ட்ரூப்பர், பிரெசெனிலின் இல்லாத கலங்களில் காமா வெட்டு நின்றுபோவதைக் காட்டினார். 1999இல் மைக்கேல் வொல்ப், பிரெசெனிலினில் உள்ள இரண்டு அஸ்பாட்டிக் அமிலங்களில் ஒன்றை மாற்றினாலே வெட்டு நடக்காது என்று நிறுவினார். அந்த இரண்டு அமிலங்களும் இருப்பது அந்த இரண்டு துண்டுகளில் ஒவ்வொன்றாக. மூன்று கண்டுபிடிப்புகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

காமா நொதியம் ஒரே வெட்டில் நிற்பதில்லை என்பது இக்கதையின் மிக முக்கியமான செய்தி. சவ்வின் உட்பக்க விளிம்புக்கு அருகே முதலில் வெட்டி, 49 அல்லது 48 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட துண்டை ஆக்குகிறது. பிறகு பெரும்பாலும் மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டு வருகிறது. ஒரு வரிசை 49, 46, 43, 40. மற்றையது 48, 45, 42, 38. ஜப்பானின் யசுவோ இஹாரா குழுவினர் 2009இல் இந்த மூன்றமிலத் துண்டுகளைப் பிடித்துக் காட்டியபோது இது உறுதியானது. இயல்பான மூளையில் உண்டாகும் அமிலாய்டில் பெரும்பங்கு 40 அமிலங்கள் கொண்டது. 42 அமிலங்கள் கொண்டது பத்தில் ஒன்று அளவே. ஆனால் அந்தக் கூடுதல் இரண்டு அமிலங்களும் நீரை வெறுப்பவை. அதனால் 42 மிக விரைவாகத் திரள்கிறது, படிவுகளின் உள்ளே முதலில் சேர்வதும் அதுவே.

சுருக்கும் வேலை எங்கே நின்றது என்பதே இங்கு கேள்வி. பரம்பரை அல்சைமருக்குக் காரணமான பிரெசெனிலின்-1 விகாரங்கள் 300க்கும் மேல் அறியப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை நொதியத்தை வலுவாக்குவதில்லை, பலவீனமாக்குகின்றன. துண்டைக் கடைசிவரை சுருக்க முடியாமல் நொதியம் பாதியில் விட்டுவிடுகிறது. அதனால் 42, 43 போன்ற நீண்ட துண்டுகளின் பங்கு கூடுகிறது.

இயற்கையே செய்து காட்டிய சோதனைகள்

இந்த வழி வெறும் ஆய்வுகூடக் கற்பனை அல்ல என்பதற்குச் சான்று மனிதக் குடும்பங்களில் இருக்கிறது. 1991இல் இலண்டனில் ஜான் ஹார்டி, அலிசன் கோட் குழுவினர் ஏபிபியின் 717ஆம் இடத்தில் ஒரு விகாரத்தைக் கண்டார்கள். அது காமா வெட்டுக்கு அருகே இருக்கிறது, 42இன் பங்கைக் கூட்டுகிறது. 1992இல் ஸ்வீடன் குடும்பமொன்றில் கண்ட இரட்டை விகாரம் பேஸ்-1 வெட்டுமிடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அது பேஸ்-1க்கு வேலையை எளிதாக்கி, அமிலாய்டின் மொத்த உற்பத்தியைப் பல மடங்காக்குகிறது.

2012இல் ஐஸ்லாந்திலிருந்து எதிர்த்திசைச் சான்று வந்தது. பேஸ்-1 வெட்டும் இடத்தை அடுத்த இரண்டாம் அமிலத்தில், அதாவது 673ஆம் இடத்தில், அலனீனுக்குப் பதில் திரியோனின் இருப்பவர்களுக்கு முதுமையில் அல்சைமர் அரிதாகவே வருகிறது. கலங்களில் சோதித்தபோது அந்த மாற்றம் அமிலாய்டு உற்பத்தியை ஏறக்குறைய 40 வீதம் குறைத்தது. ஒரே வெட்டுமிடத்தின் ஒரு பக்கத்து மாற்றம் நோய் தருகிறது, மறுபக்கத்து மாற்றம் காக்கிறது.

டவுன் கூட்டறிகுறி இன்னொரு சான்று. அது உள்ளவர்களுக்கு 21ஆம் நிறமூர்த்தம் மூன்றாக இருப்பதால் ஏபிபி மரபணுவும் மூன்று. நாற்பது வயதுக்குள் ஏறக்குறைய எல்லோர் மூளையிலும் அமிலாய்டுப் படிவு தோன்றுகிறது. ஏபிபி மரபணு மட்டும் மூன்றாகாத மிக அரிதான டவுன் நோயாளி ஒருவர் 78 வயது வரை அல்சைமர் இன்றி வாழ்ந்ததை இங்கிலாந்தில் வீ பிராஷர் குழுவினர் 1998இல் பதிவுசெய்தார்கள்.

ஆக்கமா, அகற்றமா?

இத்தனை சான்றும் இளவயதில் வரும் பரம்பரை அல்சைமருக்கே நேராகப் பொருந்துவன. முதுமையில் வரும் அல்சைமர், அதாவது நமது ஊர்களில் காணும் நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோருக்கு வருவது, வேறு கணக்கு. ராண்டல் பேட்மன் 2006இல் உயிருள்ள மனிதர்களின் மூளைய முண்ணாண் பாய்பொருளில் அமிலாய்டு ஆகும் வேகத்தையும் அகலும் வேகத்தையும் அளக்கும் முறையை உருவாக்கினார். இயல்பானவர்களில் மணிக்கு ஏழு, எட்டு வீதம் என்ற அளவில் பழையது போய்ப் புதியது வருகிறது. 2010இல் குவாசி மாவுவென்யேகாவும் பேட்மனும் நோயாளிகளில் அதே அளவீட்டைச் செய்தார்கள். உற்பத்தி வேகத்தில் வேறுபாடில்லை, அகற்றும் வேகம்தான் ஏறக்குறைய 30 வீதம் குறைந்திருந்தது.

அகற்றும் வேலையை நெப்ரிலைசின் போன்ற நொதியங்களும், மூளையின் நுண்காவற்கலங்களும், குருதிக்குழாய்ச் சுவர்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஏபோஈ-4 என்ற மரபணு வகை உள்ளவர்களில் இந்த அகற்றம் மந்தமாகிறது. 1993இல் நோயோடு தொடர்பு அறியப்பட்ட இந்த வகை, முதுமை அல்சைமருக்கு இன்றுவரை தெரிந்த மிகப் பெரிய மரபணுக் காரணி. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் விஜய் சந்திராவும் மேரி கங்குலியும் நடத்திய இந்திய அமெரிக்க ஆய்வில் ஏபோஈ-4 அமெரிக்க ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவாகவே காணப்பட்டது. அங்கே அல்சைமர் புதிதாக வரும் வீதமும் குறைவு.

தனித் துண்டு திரளாவது எப்படி என்பதற்கு இந்தக் கரையோரத்தாருக்கு விளக்கம் தேட வேண்டியதில்லை. சிப்பிக்குள் ஒரு கரு விழுந்த பிறகே முத்து படலம் படலமாக வளர்கிறது. அமிலாய்டிலும் கடினமானது முதற்கரு உண்டாவதுதான், அது உண்டான பின் வளர்ச்சி விரைவு. ஒப்புமை அத்தோடு முடிகிறது. ஏனென்றால் வளர்ந்த அமிலாய்டு நாரின் பக்கங்களே புதிய கருக்களை உண்டாக்குகின்றன. கேம்பிரிட்ஜின் டுவோமாஸ் நோல்ஸ், ஸ்வீடனின் சாரா லின்ஸே குழுவினர் 2013இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். கலங்களுக்கு அதிகக் கேடு செய்வன பெரிய நார்கள் அல்ல, இவ்வாறு இடையில் தோன்றும் சிறு திரள்களே என்று இன்று பலர் கருதுகிறார்கள்.

ஒரு புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடியலாம், எவற்றில் மடியவே முடியாது என்று 1963இல் வரைந்து காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் முழுதும் பாடநூல்களில் இருப்பது அதுதான். உருவமின்றித் திரியும் அமிலாய்டுத் துண்டு நாராகும்போது, அதன் சங்கிலி அந்த வரைபடத்தின் பீட்டாத் தகட்டுப் பகுதிக்குப் போய்ச் சேர்கிறது.

உற்பத்தியை நிறுத்தினால் என்ன ஆகும்?

வழி தெரிந்ததும் மருந்துத் தொழில் முதலில் செய்தது வெட்டும் நொதியங்களை நிறுத்துவது. காமா நொதியத்தைத் தடுத்த செமகசெஸ்டாட் 2010இல் கைவிடப்பட்டது. மருந்து எடுத்தவர்களின் அறிவாற்றல் எடுக்காதவர்களைவிட மோசமானது, தோற்புற்றும் கூடியது. காமா நொதியம் ஏபிபியை மட்டும் வெட்டுவதில்லை, கல வளர்ச்சிக்கு இன்றியமையாத நொட்ச் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்களை வெட்டுகிறது. பேஸ்-1 தடுப்பு மருந்துகளும் அவ்வாறே. வெருபெசெஸ்டாட் முதலான பல மருந்துகள் அமிலாய்டைப் பெருமளவு குறைத்தன. நோயைக் குறைக்கவில்லை, சிலவற்றில் நினைவாற்றல் சற்றுக் குறைந்தது. உடலின் அன்றாட வேலை ஒன்றை முழுதாக நிறுத்தியதற்குக் கிடைத்த விலை இது.

பிறகு வந்தவை, உண்டான அமிலாய்டை அகற்றும் பிறபொருளெதிரிகள். லெக்கனெமாப் 2023இலும் டொனனெமாப் 2024இலும் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றன. 1,795 பேரில் நடந்த லெக்கனெமாப் சோதனையில் 18 மாதங்களில் நோயின் வேகம் 27 வீதம் குறைந்தது. நோய் நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. மருந்து பெற்றவர்களில் எட்டில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் படத்தில் தெரிந்தது. ஆரம்ப நிலையிலேயே நோயைக் கண்டறிந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாளத்தின் வழியே மருந்து ஏற்றி, திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். சிலாவத்துறை இருக்கும் முசலி போன்ற பிரதேசத்துக்கு இது இன்று எட்டாத வைத்தியம். ஆனால் அமிலாய்டை அகற்றினால் நோய் மந்தமாகும் என்பதை மனிதரில் முதன்முறை உறுதிசெய்த சான்று அது. அமிலாய்டு மட்டுமே நோயல்ல என்பதற்கும் அதுவே சான்று. அமிலாய்டு படியத் தொடங்குவது அறிகுறிக்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் முன்பு. மறதியின் தீவிரத்தோடு நெருக்கமாக ஒத்துப்போவதோ கலத்துக்குள் இருக்கும் டாவ் புரத முடிச்சுகள்.

கடல் தந்தவை

இப்போது பாசிக்கு வரலாம். 2010இல் ஹிப்னியாவிலும் உல்வாவிலும் காணப்பட்டது, நரம்புச் செய்தி கடத்தும் அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியத்தைத் தடுக்கும் தன்மை. இன்று வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கும் டொனெபெசில் மாத்திரை செய்வதும் அதைத்தான். அது அறிகுறியைத் தணிக்கும் கட்டம், அமிலாய்டு ஆகும் வழியைத் தொடாதது. 2015இல் பாடினாச் சாறு தொட்டது திரளும் கட்டம். ஆனால் சோதனையில் பயன்பட்ட அமிலாய்டு, 25 முதல் 35 வரையான பதினொரு அமிலங்கள் மட்டும் கொண்ட செயற்கைத் துண்டு. இராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் அகர் தொழிலுக்காகக் கடலில் இறங்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலும் இதே குழு நரம்புக்கலங்களைக் காக்கும் பொருள்களைத் தேடியது. இவை நேர்மையான, பயனுள்ள தொடக்க ஆய்வுகள். பாசியைக் காய்ச்சிக் குடித்தால் மனித மூளையில் அமிலாய்டு குறையும் என்று இவற்றில் ஒன்றும் சொல்லவில்லை.

தொடக்கத்துக்கும் மருந்துக்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்று கடலே காட்டியிருக்கிறது. சிவப்புப் பாசிகளில் காணப்படும் ஹோமோடாரின், அமிலாய்டோடு சேர்ந்து திரள்வதைத் தடுக்கும் என்று மூன்றாம் கட்டச் சோதனை வரை போய் 2007இல் தோற்றது. கடலடிப் பொருள்களில் ஒட்டி வளரும் புகுலா என்ற சிற்றுயிரிலிருந்து எடுத்த பிரையோஸ்டாட்டின், ஆல்பா நொதியத்தின் வழியைக் கூட்டக்கூடியது. நோயின் உற்பத்திக் கட்டத்தையே தொடும் மருந்து என்று எதிர்பார்க்கப்பட்ட அதுவும் 2017இல் தன் முதன்மை இலக்கை அடையவில்லை. பழுப்புப் பாசியிலிருந்து சீனாவில் ஆக்கிய ஜிவி-971 மருந்துக்கு 2019இல் அந்நாடு நிபந்தனையோடு ஒப்புதல் கொடுத்தது. அதன் பன்னாட்டுச் சோதனை 2022இல் முடியாமலே நிறுத்தப்பட்டது.

பழுப்புப் பாசிகளில் அயடின் மிகுதி. அளவின்றி உண்டால் தைரொயிட் சுரப்பி குழம்பும். தைரொயிட் குறைபாடே மறதிபோலத் தோற்றம் தருகிற, ஆனால் மருந்தால் திருத்தக்கூடிய நோய். முதியவருக்குப் பாசிச்சாறு கொடுக்க நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இலங்கையும் சிலாவத்துறையும்

கம்பஹா மாவட்டத்தின் ராகம பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரைப் பரிசோதித்து ஹ. அ. டி சில்வா குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 3.98 வீதத்தினருக்கு மறதி நோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலானோருக்கு அல்சைமர். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் ரணில் டி சில்வா குழு பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, இலங்கை முதியோரின் மூளைகளைப் பிரேத பரிசோதனையில் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டது. அல்சைமர் மாற்றங்களோடு குருதிக்குழாய்ச் சேதத்தின் பங்கையும் அது எடுத்துக்காட்டியது. அகற்றும் பாதைகளில் குருதிக்குழாய்ச் சுவரும் ஒன்று என்று மேலே கண்டதை இதோடு வைத்துப் பார்த்தால், நமது நாட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

லான்செட் ஆணைக்குழு 2024இல் பதினான்கு காரணிகளை வரிசைப்படுத்தி, அவற்றைக் கட்டுப்படுத்தினால் உலகின் மறதி நோயில் 45 வீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, புகைத்தல், நடுவயதுச் செவிக் குறைபாடு, தனிமை ஆகியவை அதில் உள்ளன. கடலட்டைக்கும் சங்குக்கும் ஆழத்தில் சுழியோடுகிறவர்களின் செவி நீரமுக்கத்தால் கெடுவது கரையோரத்தில் எல்லோரும் அறிந்தது. காது மந்தம் என்று சிரித்துவிட்டு விடுவதற்குரிய விடயமல்ல அது. நாற்பது வயதில் செவியைக் காட்டிக்கொள்வதும் மூளையைக் காப்பதன் ஒரு பகுதி.

இப்பகுதி முதியவர்களுக்கு இன்னொரு பாரமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முசலிப் பிரதேசமும் வெறுமையானது. புத்தளத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்து, போர் முடிந்த 2009க்குப் பிறகே பலர் திரும்பினார்கள். அல்சைமரில் முதலில் அழிவது புதிய நினைவு, பழையது நெடுநாள் நிற்கும். மீள்குடியேறிய வீட்டில் இருந்துகொண்டு, தொண்ணூறுக்கு முந்திய வீட்டைத் தேடி வெளியே இறங்கிவிடுகிற முதியவரைப் பிடிவாதக்காரர் என்றோ, ஏதோ கூடிவிட்டது என்றோ சொல்லிவிடக் கூடாது. அவருக்கு அந்தப் பழைய பாதைதான் இன்னும் அழியாமல் இருக்கிறது.

ஆகவே சொல்ல வேண்டியது இதுதான். பாசியில் மருந்து இருக்கலாம். அதை நிறுவும் பொறுப்பு ஆய்வுகூடங்களுக்கும் முறையான மருந்துச் சோதனைகளுக்கும் உரியது. அந்த ஆய்வில் மன்னார்க் கரையும் யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழகங்களும் பங்கேற்க வேண்டும். ஒரே கடலின் ஒரு கரையில் மட்டும் ஆய்வு நடப்பது போதாது. குடும்பங்கள் செய்ய வேண்டியதோ இன்றைக்கே செய்யக்கூடியது. வீட்டில் பெரியவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், காசுக் கணக்கில் தடுமாறினால், தெரிந்த வழியில் திசை தவறினால், வயது போனால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்து வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். குருதியமுக்கம், சீனி, தைரொயிட், விட்டமின் பி12, செவி, கண் எல்லாவற்றையும் பரிசோதிக்கக் கேளுங்கள். திருத்தக்கூடிய காரணம் இருந்தால் அங்கேயே அகப்படும். இல்லாவிட்டாலும், நோயின் பெயர் தெரிந்த குடும்பம் அந்தப் பெரியவரைக் கோபமின்றிப் பார்த்துக்கொள்ளும்.